காலி இருக்கைக்கு ஒரு விரல்

லவோன் அந்த வண்டியை ஆசைப்பட்டு வாங்கவில்லை. அதன் முன்சீட்டுக்காக வாங்கினாள்.

நெப்ராஸ்கா மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், மக்காச்சோளமும் சோயாவும் மாறி மாறி விளைகிற சரளை ரோடுகளில் அவள் வருஷக்கணக்காகத் தபால் போடுகிறவள். பண்ணைவழித் தபாலுக்குச் சொந்த வண்டிதான். பெட்டிகள் எல்லாம் ரோட்டின் வலது ஓரத்தில் நிற்கும். ஸ்டியரிங்கோ காரின் இடது பக்கம். அதனால் வலது ஜன்னலை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, இடது காலை நீட்டிப் பெடலை மிதித்து, இடது கையால் ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்து ஓட்ட வேண்டும். வலது கை பெட்டிகளுக்கு. பார்க்கிறவனுக்கு அது சர்க்கஸ். அவளுக்கு ரொட்டி மாவு பிசைகிற மாதிரி, கை தானாகச் செய்கிற வேலை.

ஆனால் அதற்கு முன்சீட் ஒரே நீளமாகப் பெஞ்சு போல இருக்க வேண்டும், கியர் ஸ்டியரிங் தண்டில் இருக்க வேண்டும். இப்போது வருகிற கார்களில் இரண்டு தனித்தனி நாற்காலி, நடுவில் காபி டம்ளர் வைக்க ஒரு மேடு. அந்த மேட்டின் மேல் காலைப் போட்டு ஓட்டிப் பார்த்தாள். நாற்பத்தொன்பது வயது இடுப்பு ஒரே நாளில் பதில் சொல்லிவிட்டது. அந்த மார்ச்சில் அவளுடைய பழைய வேன்கார் கியர்பெட்டி நொறுங்கி நின்றபோது, மாவட்டத்தில் பெஞ்சுசீட்டோடு விற்பனைக்கு இருந்தது ஒரே வண்டிதான். எமில் வோண்ட்ராவின் அறுபத்தாறாம் வருஷத்து மெர்க்குரி கார். வெண்ணெய் நிறம், மடக்குகிற துணிக்கூரை.

ஒமாஹா நகரத்தில் இருக்கிற அவர் மகன் விளம்பரம் கொடுத்து மாதங்கள் ஆகியும் அதை வாங்க ஆளில்லை. வண்டி மோசம் என்பதால் இல்லை. எமில் அதில்தான் செத்துக் கிடந்தார்.

முந்தைய செப்டம்பரில் நடந்தது. சோயா முற்றிவிட்டதா என்று பார்க்கக் காலையில் கிளம்பியவர், தன் நிலத்தின் மூலையில், இரண்டு சரளை ரோடு சேருகிற இடத்தில், வண்டியை ஓரம் கட்டியிருந்தார். வீட்டுக்கு அங்கிருந்து கூப்பிடு தூரம். இடையில் ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம். சாயங்காலம் அவர் மனைவி லிடி நடந்து போய்ப் பார்த்தபோது, தலையில் தொப்பி, கை ஸ்டியரிங்கின் உச்சியில், நேராக உட்கார்ந்திருந்தார். உடம்பு வெயிலில் காய்ந்திருந்ததால் எப்போது உயிர் போனது என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. பகலில் எப்போதோ என்றார்.

"அந்தச் சீட்டுலயா உட்காரப் போற?" என்றான் லவோனின் கணவன் மைலோ. தானியக் கிடங்கில் வேலை. எதற்கும் பதற மாட்டான்.

"அந்தச் சீட்டுல உட்கார மாட்டேன். அதான் விஷயமே. நான் இந்தப் பக்கம்."

"ஓ. அப்ப ஓட்டுறது எமிலா?"

"வாயை மூடிட்டு பேட்டரியைப் பாரு."

மைலோ பார்த்தான். குழாய்களை மாற்றினான். கூரையை ஏற்றி இறக்குகிற மோட்டார் எண்ணெயைக் கக்கியது. அதற்கும் ஒரு வழி பண்ணினான். பின்பக்கத்துப் பிளாஸ்டிக் கண்ணாடி வெயிலில் பழுத்து மஞ்சளாகிவிட்டது; அதன் வழியே வெளிச்சம் தெரியும், பின்னால் வருகிற வண்டி தெரியாது. மழை பெய்தால் கூரைத் துணியின் தையல் ஓரமாகச் சொட்டும். சொல்லிவைத்த மாதிரி டிரைவர் பக்கம் மட்டும். லவோன் அங்கே ஒரு பழைய துண்டை விரித்து, அதன் மேல் தபால் தட்டை வைத்தாள்.

"பாவம், எமில் மடியில சுமையை ஏத்திட்ட" என்றான் மைலோ.

ஊர் இரண்டு வாரம் சிரித்தது. திறந்த காரில் தபாலா, காற்றடித்தால் கரண்ட் பில்லெல்லாம் பக்கத்து மாநிலம் அயோவாவுக்குப் போய்விடும் என்றார்கள். அவள் கூரையைத் திறந்தால்தானே! சரளை ரோட்டுத் தூசியில் கூரையைத் திறந்து ஓட்டுகிறவளுக்குப் புத்தி இருக்காது. மூடியே ஓட்டினாள். உள்ளே இருட்டாக, பழைய வினைல் வாசனையும், அதற்கு அடியில் எமிலின் புகையிலை வாசனையுமாக இருக்கும். வண்டி கனமாக, மெத்தென்று, படகு மாதிரிப் போயிற்று. நாலைந்து வாரத்தில் அவளுக்கு அது பழகிவிட்டது. மற்றவர்களுக்குத்தான் பழகவில்லை.

இந்தப் பக்கத்து ரோடுகளில் எதிரே எந்த வண்டி வந்தாலும், ஸ்டியரிங்கின் உச்சியில் இருக்கிற கையிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்க வேண்டும். தெரிந்தவரோ தெரியாதவரோ, சண்டைக்காரரோ சம்பந்தியோ, விரல் தூக்கத்தான் வேண்டும். தூக்காவிட்டால் அன்று சாயங்காலமே, "அவனுக்கு என் மேல என்ன கோவமாம்?" என்று பேச்சு வரும். எமிலின் மெர்க்குரியை முப்பது வருஷமாகப் பார்த்துப் பழகிய விரல்கள், வெண்ணெய் நிறம் தூரத்தில் தெரிந்ததுமே எழுந்தன. கிட்டே வந்த பிறகுதான் டிரைவர் இடம் காலியாக இருப்பது கண்ணில் படும். காலி இடத்துக்குப் பக்கத்தில், எங்கோ கூட்டிப் போகப்படுகிறவள் மாதிரி, ஒரு பெண். ஒருவன் தன் வண்டியை வாய்க்காலில் இறக்கப் பார்த்தான். கிழக்கு ரோட்டு ஜெர்மன்காரி ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

லிடி வோண்ட்ராவின் வீடும் அந்த வழியில்தான். மகன் விற்றான்; யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. வண்டி கண்காணாமல் போனால் போதும் என்று இருந்தவள், முதல் நாள் அது தன் வாசல் பெட்டியில் வந்து நின்றதைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தாள். அதற்குப் பிறகு பெட்டிப் பக்கமே வரவில்லை. அதற்கு முன்பெல்லாம் லவோன் வரும் நேரத்துக்குப் பெட்டியில் சாய்ந்து நிற்பாள். முட்டை, கோலாச்சி ரொட்டி, ஊர் வம்பு என்று ஏதாவது கை மாறும். இப்போது தபால் பெட்டியிலேயே நிறைந்தது. ஜூன் மாதம் கதவை மூட முடியாமல் போகவே, லவோன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வண்டியை ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போய்க் கதவைத் தட்டினாள்.

லிடி கதவைத் திறந்தாள். அவள் பார்வை லவோனைத் தாண்டி ரோட்டுக்குப் போயிற்று.

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"எதுல?"

"வண்டில."

"யாரும் இல்லை லிடி. நான் மட்டும்தான் வந்தேன்."

"கூரை மூடியிருந்தா உள்ள இருட்டு. இங்கேருந்து தெரிய மாட்டேங்குது." லிடி தபாலை வாங்கி மேஜையில் போட்டாள். உட்காரச் சொல்லவில்லை. "லவோன், உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். அந்த வண்டிய என் வழியில கொண்டு வராதே. வேற எதுல வேணா வா. டிராக்டர்ல வா. குதிரைல வா."

"வேற வண்டி கிடைக்கலையே. இது இல்லைன்னா இந்த வேலையே எனக்கு இல்லை."

"தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன்."

பிறகு லிடி சொன்னாள். நின்றுகொண்டே, அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். அன்று காலை சண்டை. பெரிய விஷயம் ஒன்றுமில்லை, வண்டிக்குப் புதுக் கூரை போட வேண்டும் என்றார் எமில், வீட்டுக் கூரை ஒழுகுகிறதே அதைப் போடலாம் என்றாள் இவள். வார்த்தை முற்றி, "அந்த வண்டிலயே போய் இருந்துக்கோ, சாப்பாடும் அங்கயே சாப்பிடு" என்று கத்திவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. வீம்பு என்று நினைத்தாள். பன்றிக்கறியும் மாவுக் கொழுக்கட்டையும் அடுப்பிலேயே காய்ந்தன.

"அடக்கம் முடிஞ்சு கோவில் கூடத்துல எல்லாருக்கும் காபி ஊத்திட்டு வரேன். ரோலண்ட் குசேரா என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஆறுதலா சொல்றான், மூணு மணி வாக்குல, ஸ்கூல் பஸ் திரும்பற நேரத்துக்கு நான் அந்தப் பக்கம் போனேன் லிடி, எமில் நல்லாத்தான் இருந்தார், விரல் தூக்கினார்னு. இன்னொருத்தன், மாட்டுக்குத் தீனி வைக்கப் போறப்போ பார்த்தேன், எனக்கும் தூக்கினார்ங்கறான். கஷ்டப்படாமத்தான் போயிருக்கார்னு எனக்குச் சமாதானம் சொல்றாங்களாம்." அவள் அடுப்பின் குமிழைத் தேவையில்லாமல் திருகினாள். "மத்தியானம் முழுக்க உயிரோட இருந்திருக்கார். இந்த வீட்டுக் கூரை தெரியற தூரத்துல உட்கார்ந்துக்கிட்டு, போறவன் வரவனுக்கெல்லாம் விரல் தூக்கிக்கிட்டு, வீட்டுக்கு மட்டும் வராம இருந்திருக்கார். நான் சொன்ன மாதிரியே அங்கயே இருந்துட்டார். இப்ப தினமும் வாசல்ல வந்து நிக்கறார். உள்ள வராம."

லவோன், வேறு வண்டி தேடுகிறேன் என்று மட்டும் சொன்னாள். நிஜமாகவே தேடினாள். பக்கத்து மூன்று மாவட்டங்களில் விசாரித்தாள். சனிக்கிழமைகளில் மைலோவைக் கூட்டிக்கொண்டு போய்த் துருப்பிடித்த இரண்டு வண்டிகளுக்கு அடியில் படுத்துப் பார்த்தாள். ஒன்றின் தரை கையோடு வந்துவிட்டது. அதுவரை லிடியின் தபாலை வீட்டு ஜன்னலுக்குத் தெரியாதபடி வண்டியை எட்ட நிறுத்திவிட்டு, நடந்து கொண்டுபோய்ப் போட்டாள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் வண்டி கொதித்தது. பெட்டிக்குப் பெட்டி நின்று நின்று போகிற வேலையில் பழைய இன்ஜினுக்குக் காற்றே கிடைக்காது. ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டு, வேர்த்து வழிந்துகொண்டு, இன்ஜினின் சூட்டைத் தன் மேல் வாங்கித்தான் அவள் ஓட்டுவாள். அன்று அதுவும் போதவில்லை. நின்ற இடம் எமிலின் நிலத்து மூலை. அவளாக நிறுத்தவில்லை. ஆவி கிளம்பியதும் வண்டி தானாக இழுத்து நின்றது அங்கேதான். அவள் வாளியை எடுத்துக்கொண்டு, சோளத்துக்குள் புகுந்து, மாட்டுத் தொட்டிக்குப் போனாள். தொட்டிக்குப் போய்த் திரும்ப நேரமாயிற்று. திரும்பியபோது சரளைக்கு மேல் தூசி தொங்கிக்கொண்டிருந்தது, யாரோ கடந்து போயிருந்தார்கள்.

மறுநாள் கூட்டுறவுக் கடையில் ரோலண்ட் குசேரா அவளைப் பிடித்துக்கொண்டார். குசேராவின் நிலம் எமிலின் நிலத்துக்கு அடுத்தது. காதில் எப்போதும் ஒரு பென்சில்.

"நேத்து அங்க நிறுத்திட்டு என்ன பண்ணிட்டிருந்த? தூக்கமா? இல்ல எவனுக்காவது காத்துட்டிருந்தியா? மைலோகிட்ட சொல்லிடவா?"

"சொல்லுங்க, அவருக்கும் பொழுது போகும். எங்க பார்த்தீங்க?"

"சோளத்து மூலையில. நான் விரல் தூக்கினேன், நீ தூக்கின. அப்புறம் என்ன விஷயம்னு நின்னு கேக்கல."

லவோன் கையிலிருந்த சாமானைக் கல்லாவில் வைத்தாள். "நான் தூக்கினேனா?"

"தூக்கினியே. அப்படியே எமில் மாதிரி, இத்தனூண்டு." அவர் தன் விரலைத் தூக்கிக் காட்டினார். "பயந்தே போயிட்டேன் போ."

அவள் வண்டியில் வந்து உட்கார்ந்தாள். சாவியைப் போடவில்லை. டிரைவர் பக்கத்து வினைலில் எமிலின் முதுகுப் பள்ளம் அப்படியே இருந்தது. வண்டியில் நேற்று யாரும் இல்லை. அவள் முழங்கால் வரை மாட்டுத் தொட்டிச் சேற்றில் நின்றிருந்தாள். 

மைலோவிடம் சொன்னாள். அவன் முதலில், "மரியாதை தெரிஞ்ச மனுஷன், செத்தும் விரல் தூக்கறார்" என்றான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "கண்ணாடியில வெயில் பட்டிருக்கும், விடு" என்றான்.

விட முடியவில்லை. மறுநாளிலிருந்து அவள் யாருக்கும் விரல் தூக்கவில்லை. பிறந்ததிலிருந்து பழகிய கையை ஸ்டியரிங்கின் அடியில் இறுக்கிப் பிடித்து வைப்பது, தும்மலை அடக்குகிற மாதிரி இருந்தது. எதிரே வந்தவர்கள் தூக்கினார்கள், போனார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. சிலுவை போட்ட ஜெர்மன்காரியிடம் பெட்டியருகே, "காலையில எதிர்ல வந்தீங்களே, கவனிச்சேனோ இல்லையோ" என்று இழுத்தாள். "கவனிச்சியே, விரல் தூக்கினியேம்மா" என்றாள் அவள். பால்வண்டிக்காரனும் அதையே சொன்னான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணியிருப்பார்கள். முப்பது வருஷமாக விரலுக்கு விரல் வந்துகொண்டிருந்தது. வந்திருக்கும் என்று கண்ணே முடிவு செய்துவிட்டுப் போய்விடுகிறது.

அதை விளங்கிக்கொண்டதும் பயம் போக வேண்டும். அவளுக்கு அதிகமாயிற்று. அப்படியானால் அன்று மத்தியானத்துக்கு மேல், ஸ்கூல் பஸ் நேரத்திலிருந்து மாட்டுத் தீனி நேரம் வரை, ஊரே ஒரு பிணத்துக்கு வணக்கம் சொல்லி, பதில் வணக்கமும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறது.

செப்டம்பரில் ஒரு நாள், லிடியின் தபாலைக் கையில் வைத்துக்கொண்டு லவோன் வாசலில் நின்றாள். "என்கூட வண்டியில வாங்க. மூலை வரைக்கும்."

"உனக்குப் பைத்தியமா?"

"இருக்கலாம். ஒரு தடவை வாங்க. அப்புறமும் வேண்டாம்னா, வேலையை விட்டுடறேன். சத்தியமா."

லிடி ஏப்ரனைக் கழற்றாமலே கிளம்பினாள். வண்டியருகே வந்ததும் தயங்கினாள். வலது பக்கம் லவோனின் இடம். மிச்சம் இருந்தது எமிலின் இடம்தான். தபால் தட்டைப் பின்சீட்டுக்குத் தள்ளினாள் லவோன். லிடி உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். அந்தப் பள்ளம் அவளுக்குப் பெரிதாக இருந்தது. லவோன் காலை நீட்டி, அவளைத் தாண்டி ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

"என்ன நடந்தாலும் மடியிலேருந்து கையை எடுக்காதீங்க. நானும் எடுக்க மாட்டேன்."

சோளத்து மூலை தாண்டி ரோலண்டின் லாரி வந்தது. அவர் தினமும் வீட்டுக்குச் சாப்பிடத் திரும்புகிற நேரம் அது என்பது லவோனுக்குத் தெரியும். லாரி மெதுவானது. ரோலண்டின் விரல் எழுந்தது. லிடியின் கோத்த விரல்கள் வெளுத்துப் போகிற அளவுக்கு இறுகின. எழவில்லை. தூசி அடங்கியதும் லவோன் வண்டியைத் திருப்பி, அவர் பின்னாலேயே போய்க் குசேரா வாசல் பெட்டியில் நிறுத்தினாள்.

ரோலண்ட் இறங்கி வந்தார். காதில் பென்சில். "லிடி! அடேயப்பா, நீயா? எமில் வண்டியில உன்னைப் பார்க்க எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா."

"என்னைப் பார்த்தியா ரோலண்ட்?"

"பார்க்காம? விரல் தூக்கினியே."

"நான் தூக்கினேனா?"

"இந்த விரல்தான்." அவர் சிரித்தார். "முப்பது வருஷம் பக்கத்துல இருந்தவ இல்லையா, எமில் மாதிரியே வருது உனக்கு."

லிடி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. "சாப்பாடு ஆறிடப் போகுது, போ" என்றாள்.

திரும்பும்போது மூலையில் நிறுத்தச் சொன்னாள். இன்ஜின் அணைந்ததும் சோளத் தாள்கள் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. கண்ணாடி வழியே, சோளத்தின் தலைக்கு மேல், அவள் வீட்டுக் கூரை தெரிந்தது.

"அப்ப, சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலயே உயிர் போயிருக்கலாம்" என்றாள்.

"போயிருக்கலாம்."

"வீட்டுக்கு வர்றதுக்குத் திரும்பினப்பவே போயிருக்கலாம். வண்டி வீட்டுப் பக்கம் பார்த்துத்தான் நின்னுச்சு. நான்தான் வண்டிக் கதவைத் திறந்தேன்."

"ம்."

"இல்லாமலும் இருக்கலாம். உண்மையாவே உட்கார்ந்திருந்திருக்கலாம்." லிடி மூக்கை ஏப்ரனில் துடைத்தாள். "பார்த்தவன் ஒருத்தனும் பார்க்கல. அவ்வளவுதான் தெரியும்."

 

லிடி தலைக்கு மேல் கூரையைப் பிடித்திருந்த இரண்டு கொக்கிகளையும் பார்த்தாள். அவை எப்படித் திறக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நெம்பிவிட்டு, பொத்தானை அமுக்கினாள். மோட்டார் முனகியது, கூரை திக்கித் திக்கி எழுந்து, மடிந்து, பின்னால் போய்ப் படுத்தது. வெளிச்சம் முழுதாக உள்ளே விழுந்தது. மழைக் கறை படிந்த சீட், வெடித்த வினைல், தரையில் சரளைக் கல். வேறு எதுவும் இல்லை.

"வண்டிய வெச்சுக்கோ" என்றாள் லிடி. "ஆனா என் வீட்டுக்கு மூடிக்கிட்டு வராதே. திறந்துட்டு வா. சீட் காலியா இருக்கறது எனக்கு ஜன்னல்லேருந்து தெரியணும்."

அதிலிருந்து லவோனுக்கு அது வழக்கமாகிவிட்டது. மூலைக்கு வந்ததும் நிறுத்துவாள், கொக்கிகளை நெம்புவாள், கூரையை மடக்குவாள், தபால் தட்டைப் பின்னால் தள்ளுவாள். லிடியின் பெட்டியைத் தாண்டியதும் மறுபடி மூடுவாள். நவம்பரில் கை விறைக்கிற காற்றிலும் அப்படித்தான். குளிரில் மடித்து மடித்துப் பின்பக்கத்துப் பிளாஸ்டிக் விரிசல் விட்டது. "ஒரு கிழவிக்காக நிமோனியா வாங்கிக்கிட்டு வரப் போற" என்று திட்டிக்கொண்டே மைலோ அதற்கு டேப் ஒட்டினான். மோட்டாருக்கும் எண்ணெய் ஊற்றினான்.

லிடி மறுபடி பெட்டிக்கு வர ஆரம்பித்தாள். கோட்டும் ரப்பர் பூட்ஸுமாக, பெட்டியில் சாய்ந்து நிற்பாள். வண்டி கிட்டே வரும்போது முதலில் டிரைவர் இடத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவாள். அதற்குப் பிறகுதான் லவோன் பக்கம் திரும்பித் தபாலுக்குக் கை நீட்டுவாள்.

லவோனின் இடது கை ஸ்டியரிங்கின் அடியிலேயே இருக்கும். காலி இருக்கையை அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. பெட்டியை விட்டு நகர்ந்து, அடுத்த திருப்பம் வருவதற்குள் கூரையை மூடிவிடுவாள்.